தண்ணீர் வழக்கு: ஒன்றா, இரண்டா?

வேதியியலின் கதை – 9

சென்ற அத்தியாயத்தை 1787-ல் பாரிஸ் நகரில் நிறுத்தியிருந்தோம். கீதோன் தெ மொர்வோ என்ற வழக்கறிஞரும் லவாய்சியர், பெர்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய மூன்று வேதியியலாளர்களும் ஒன்றுகூடி, பொருள்களுக்கு வழங்கிவந்த பழம்பெயர்களை எல்லாம் கலைத்துப் புதிதாக அடுக்கிய கதையைப் பார்த்தோம். விட்ரியால் எண்ணெய், ஆன்டிமனி வெண்ணெய், ஈயச் சர்க்கரை, துத்தநாகப் பூ என்று ரசவாதிகள் வைத்த பெயர்கள் பின்னுக்குப் போயின. ஒரு சேர்மத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றனவோ, அவற்றையே பெயராகச் சொல்வது என்ற ஒழுங்கு வந்தது.

அந்த ஒழுங்கின் எலும்புக்கூடு இன்றும் நம் பள்ளிப் பாடத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டு தனிமங்கள் மட்டும் சேர்ந்திருந்தால் பெயர் ‘ஐடு’ என்று முடியும்: ஆக்சைடு, சல்ஃபைடு, குளோரைடு. ஒரே தனிமம் இரண்டு அமிலங்களைத் தந்தால், ஆக்சிஜன் கூடுதலாக உள்ளது ‘இக்’, குறைவாக உள்ளது ‘அஸ்’: சல்ஃபியூரிக் அமிலம், சல்ஃபியூரஸ் அமிலம். முன்னதன் உப்பு சல்ஃபேட். பின்னதன் உப்பு சல்ஃபைட். சல்ஃபைடு வேறு, சல்ஃபைட் வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். முதலாவதில் ஆக்சிஜன் கிடையாது, இரண்டாவதில் உண்டு. கடைசி எழுத்தைச் சற்று மாற்றி உச்சரித்தால் பொருளே மாறிவிடும்.

ஆனால் இந்தப் பெயர்களுக்கு ஓர் எல்லை இருந்தது. எதோடு எது சேர்ந்திருக்கிறது என்று அவை சொல்லின. எது கூடுதல், எது குறைவு என்றும் ஓரளவு சொல்லின. எத்தனைக்கு எத்தனை என்பதை மட்டும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எண்ண வேண்டுமென்றால் எண்ணுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே! அப்படி எண்ணத்தக்க ஒன்றைத் தந்தவர் மான்செஸ்டரில் இருந்த ஓர் ஆசிரியர்.

டால்டனின் வட்டங்கள்

ஜான் டால்டன் 1766-ல் இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். குவேக்கர் குடும்பம். பன்னிரண்டு வயதிலேயே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். மழை, காற்று, வெப்பநிலை ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கம். காற்றைப் பற்றிய அந்த ஆர்வம்தான் அவரை அணுவுக்குக் கொண்டுசேர்த்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வகை அணு. ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை. சேர்மம் என்பது இத்தனை அணுவோடு இத்தனை அணு சேர்வது. இதுதான் அவர் கொள்கை. 1803-ல் தம் குறிப்பேட்டில் அணு எடைகளின் முதல் பட்டியலை எழுதினார். 1808-ல் அவருடைய நூலின் முதல் பகுதி வெளிவந்தது.

ஒவ்வோர் அணுவையும் அவர் ஒரு வட்டமாக வரைந்தார். வெறும் வட்டம் ஆக்சிஜன். நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன். செங்குத்துக் கோடு போட்டால் நைட்ரஜன். கருப்பாக நிரப்பினால் கார்பன். கருவட்டத்தை ஒட்டி ஒரு வெறும் வட்டம் இருந்தால் இன்று நாம் கார்பன் மோனாக்சைடு என்று சொல்வது; இரு பக்கமும் வெறும் வட்டம் இருந்தால் கார்பன் டைஆக்சைடு. ஒரு சேர்மத்துக்குள் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிவிடலாம். மனிதர் எழுதிய முதல் உண்மையான வேதி வாய்ப்பாடுகள் இவைதாம் என்பது என் கருத்து.

தண்ணீரை அவர் எப்படி வரைந்தார்? ஒரு புள்ளி வட்டம், பக்கத்தில் ஒரு வெறும் வட்டம். ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. இன்றைய குறியீட்டில் எழுதினால் ‘எச்ஓ’.

இது கவனக்குறைவால் வந்ததல்ல. டால்டன் மாட்டிக்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எலுமிச்சையும் மாங்காயும் இருக்கின்றன. எலுமிச்சையின் மொத்த எடை ஒரு கிலோ, மாங்காயின் மொத்த எடை எட்டு கிலோ. காய் எத்தனை என்று தெரிந்தால் ஒரு காயின் எடையைச் சொல்லிவிடலாம். ஒரு காயின் எடை தெரிந்தால் எத்தனை காய் என்று சொல்லிவிடலாம். இரண்டுமே தெரியாவிட்டால்? தண்ணீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடை, ஆக்சிஜன் ஏறத்தாழ எட்டுப் பங்கு எடை. தராசு அவ்வளவுதான் சொல்லும். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. ஹைட்ரஜன் இரண்டு என்றால் ஆக்சிஜனின் எடை 16. தராசுக்கு இரண்டும் ஒன்றே.

இந்த முடிச்சை அவிழ்க்க டால்டன் ஒரு விதியை வைத்துக்கொண்டார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியவந்திருக்கிறது என்றால், அதில் ஒன்றுக்கு ஒன்று என்று கொள்க. வேறு காரணம் தென்பட்டாலொழிய மாற்ற வேண்டாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அன்று தெரிந்தது தண்ணீர் மட்டுமே. ஹைட்ரஜன் பெராக்சைடை தெனார் கண்டுபிடிக்க இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. ஆகவே தண்ணீர் ‘எச்ஓ’ ஆயிற்று. அன்றைய அளவீடுகள் துல்லியமற்றவை என்பதால் ஆக்சிஜனின் எடையும் 1803-ல் ஏறத்தாழ 5.5, 1808-ல் 7 என்று அவர் பட்டியலில் இடம்பெற்றது.

கன அளவு சொன்ன சாட்சி

தராசுக்கு எதிராக இன்னொரு சாட்சி ஏற்கெனவே வந்திருந்தது. 1800-ல் வோல்ட்டாவின் மின்கல அடுக்கைப் பற்றிய செய்தி லண்டனை எட்டியதுமே நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன். ஹைட்ரஜனின் கன அளவு ஏறத்தாழ இரு மடங்கு. 1805-ல் பாரிஸில் கே-லுசாக்கும் ஹம்போல்ட்டும் இதையே திருப்பிச் செய்தார்கள்: இரண்டு வாயுக்களையும் அளந்து கலந்து, வெடிக்கச் செய்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார்கள். 100 பங்கு ஆக்சிஜனுக்கு 200 பங்கு ஹைட்ரஜன் என்பது உறுதியானது.

கே-லுசாக் அதோடு நிற்கவில்லை. மற்ற வாயுக்களையும் வரிசையாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என முழு எண்களே வந்தன. 1808-ன் கடைசி நாளில் இதைப் பாரிஸ் அறிஞர் சபை ஒன்றில் படித்தார்.

அணுக்கொள்கைக்கு இதைவிட நல்ல துணை வேறு கிடைக்குமா? ஆனால் டால்டன் ஏற்கவில்லை. அவர் காரணம் வலுவானது. ஒரு பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கிறது. சம கன அளவில் சம எண்ணிக்கைத் துகள்கள் என்று வைத்துக்கொண்டால் 100 நைட்ரஜன் துகள்களிலிருந்து 200 நைட்ரிக் ஆக்சைடு துகள்கள் வர வேண்டும். ஒவ்வொரு துகளிலும் நைட்ரஜன் இருக்க வேண்டும் அல்லவா? அப்படியானால் நைட்ரஜன் அணு ஒவ்வொன்றும் பாதியாகப் பிளந்திருக்க வேண்டும். பிளக்க முடியாதது என்பதுதானே அணுவின் இலக்கணம்!

விடையை 1811-ல் ஒருவர் எழுதினார். இத்தாலியின் வெர்செல்லி நகரக் கல்லூரியில் பாடம் நடத்திய அமெதேயோ அவகாட்ரோ. அவரும் சட்டம் படித்து அறிவியலுக்கு வந்தவரே. அவர் சொன்னது இதுதான்: சம கன அளவில் சம எண்ணிக்கை என்பது சரி. ஆனால் எண்ணிக்கை மூலக்கூறுகளுடையது, அணுக்களுடையது அல்ல. நைட்ரஜன் வாயுவின் ஒரு மூலக்கூறு இரண்டாகப் பிரியக்கூடியது, ஆக்சிஜனும் அப்படியே. பிளந்தது மூலக்கூறு, அணு பத்திரமாக இருக்கிறது. இதன்படி பார்த்தால் தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று.

வழக்கு அன்றே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அடுத்த அரை நூற்றாண்டு அந்தக் கட்டுரையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு ஏன் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கேள்வியை வலுவாக முன்வைத்த மனிதர்தான் நம் கதையின் அடுத்த நாயகர்.

ஸ்டாக்ஹோமின் எழுத்துகள்

யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் சுவீடன் நாட்டவர், 1779-ல் பிறந்தவர். சேர்மம் என்பது நேர்மின்னும் எதிர்மின்னும் கொண்ட இரு பகுதிகளின் சேர்க்கை என்பது அவர் கோட்பாடு. அதன்படி இரு ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கத்தான் வேண்டும், சேர முடியாது. அவகாட்ரோவின் இரட்டை அணுவுக்கு அந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை.

ஆனால் நாம் இன்று எழுதும் வாய்ப்பாட்டின் வடிவத்தைத் தந்தவர் அவரே. டால்டனின் வட்டங்களை அச்சுக்கோப்பது பெரும் தொல்லை. அதற்குப் பதிலாகத் தனிமத்தின் லத்தீன் பெயரின் முதல் எழுத்தையே குறியீடாக வைக்கலாம் என்று 1813, 1814-ல் அவர் எழுதினார். இரண்டு தனிமங்களுக்கு ஒரே முதலெழுத்து என்றால் இன்னோர் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். செம்பு குப்ரம் என்பதால் ‘சியூ’, இரும்பு ஃபெர்ரம் என்பதால் ‘எஃப்இ’ என்று நாம் இன்றும் எழுதுவது அதனால்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெர்சீலியஸுக்கு எழுத்து வெறும் பெயர்ச்சுருக்கமாக இருக்கவில்லை. ‘ஓ’ என்று எழுதினால் குறிப்பிட்ட எடையுள்ள ஒரு பங்கு ஆக்சிஜன் என்று பொருள். பங்கு ஒன்றுக்கு மேற்பட்டால் எண்ணைச் சேர்க்க வேண்டும். அந்த எண்ணை அவர் எழுத்தின் தலைக்கு மேல் போட்டார். காலடிக்கு இறக்கியவர் ஜெர்மனியின் லீபிக், 1834-ல்.

எழுத்தும் எண்ணும் பொருள்பட வேண்டுமானால் எடைகள் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்காகப் பெர்சீலியஸ் ஏறத்தாழ 2,000 சேர்மங்களைத் தம் கையாலேயே பகுத்தார். அவருடைய ஆய்வுக்கூடம் சமையலறையை ஒட்டி இருந்தது. சமையல் செய்துகொண்டும் கலங்களைக் கழுவிக்கொண்டும் உதவியவர் அன்னா என்ற பணிப்பெண். 1823-ல் ஜெர்மனியிலிருந்து அங்கே படிக்க வந்த வோலர் ஒரு நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாத்திரம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்த அன்னா, ‘ஆக்சிமியூரியாட்டிக் அமில’ நெடி அடிக்கிறது என்றார். பெர்சீலியஸ் உடனே, இனி அந்தப் பெயரைச் சொல்லாதே, குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்றாராம்.

அந்தச் சிறு பேச்சுக்குப் பின்னால் பெரிய மனமாற்றம் இருக்கிறது. அந்தப் பச்சை வாயுவுக்குள் ஆக்சிஜன் இருப்பதாக லவாய்சியர் காலத்திலிருந்தே நம்பிவந்தார்கள். பெயரிலும் ஆக்சிஜன் இருந்தது. அது தனிமமே என்று 1810-ல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். பெர்சீலியஸ் நெடுநாள் மறுத்துவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் பெயரை மாற்றும் வேலையைத் தம் சமையலறையிலிருந்தே தொடங்கினார். தம் கொள்கை தவறென்று தெரிந்ததும் பழைய சொல்லை வீட்டிலும் அனுமதிக்காத அந்த நேர்மை வணங்கத்தக்கது.

டால்டனோ புதிய எழுத்துகளை ஏற்கவே இல்லை. அவற்றைக் கற்பதும் ஹீப்ரு மொழியைக் கற்பதும் மாணவனுக்கு ஒன்றுதான் என்று 1837-லும் குறைபட்டுக்கொண்டார். உலகம் எழுத்துகளின் பக்கம் போய்விட்டது.

ஒரே எழுத்து, இரண்டு பொருள்

பெர்சீலியஸ் தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு என்றே கொண்டார். வாயுக்களின் கன அளவு அவரை அங்கே இட்டுச்சென்றது. ஆனால் அடுத்த தலைமுறை பின்வாங்கியது. பாரிஸில் தூமா 1826 முதல் பல பொருள்களை ஆவியாக்கி எடைபோட்டார். பாதரசம், கந்தகம், பாஸ்பரஸ் மூன்றும் கணக்கைக் குலைத்தன. ஒன்று பாதி, ஒன்று மும்மடங்கு, ஒன்று இரு மடங்கு என்று விடைகள் வந்தன. மனம் நொந்த தூமா, தம்மால் முடிந்தால் அணு என்ற சொல்லையே அறிவியலிலிருந்து நீக்கிவிடுவேன் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். அணுவை எண்ணாமல் எடை விகிதத்தோடு நின்றுகொள்வோம் என்ற கட்சி வலுத்தது. ஜெர்மனியில் க்மெலினின் பெருங்கையேடு அந்த வழியைப் பரப்பியது: ஹைட்ரஜன் 1, கார்பன் 6, ஆக்சிஜன் 8. தண்ணீர் மறுபடியும் ‘எச்ஓ’ ஆனது.

1850-களில் ஒரு மாணவன் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ‘எச்ஓ’ என்று ஒரு புத்தகத்தில் பார்த்தால் அது தண்ணீர். ஆக்சிஜனை 16 என்று கொள்பவருக்கோ அதே எழுத்துகள் பெராக்சைடின் விகிதம். ‘சி₂எச்₄’ என்றால் கார்பன் 6 என்பவருக்கு மீத்தேன். கார்பன் 12 என்பவருக்கு எத்திலீன். கெக்குலே தம் பாடநூலில் அசிட்டிக் அமிலம் என்ற ஒரே பொருளுக்கு வெவ்வேறு வேதியியலாளர்கள் எழுதிய 19 வாய்ப்பாடுகளை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டினார். எழுத்து பொதுவாக இருந்தது. கணக்கு ஆளுக்கு ஒன்றாக இருந்தது.

கார்ல்ஸ்ரூவில் மூன்று நாள்

கெக்குலே, வூர்ட்ஸ், வெல்ட்சீன் மூவரும் சேர்ந்து ஐரோப்பா முழுவதற்கும் அழைப்பு அனுப்பினார்கள். 1860 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 120-க்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினார்கள். வேதியியலுக்கென்று நடந்த முதல் பன்னாட்டு மாநாடு அது. ஹைடல்பெர்க்கில் ஆய்வுசெய்துகொண்டிருந்த 26 வயது ரஷ்யர் மெண்டலீவும், பிரெஸ்லாவிலிருந்து லோத்தர் மேயரும் வந்திருந்தார்கள்.

சிசிலித் தீவின் பலெர்மோவில் 1826-ல் பிறந்த ஸ்தானிஸ்லாவோ கன்னிஸாரோவும் வந்திருந்தார். 1848 புரட்சியில் பங்கெடுத்து, அது தோற்றபின் நாட்டைவிட்டுத் தப்பியோடி, பாரிஸில் வேதியியல் செய்து, பிறகு ஜெனோவாவில் பேராசிரியரானவர். தம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்தின் சுருக்கத்தை 1858-ல் வெளியிட்டிருந்தார். கடைசி நாளன்று அவர் எழுந்து அவகாட்ரோவுக்காக வாதாடினார்.

அவருடைய வாதத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. சம கன அளவில் சம மூலக்கூறுகள் என்றால், வாயுக்களின் எடையை ஒப்பிட்டாலே மூலக்கூறுகளின் எடையை ஒப்பிட்டதாகிவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறை 2 என்று வைத்துக்கொள்வோம். நீராவி ஹைட்ரஜனைப்போல் 9 மடங்கு கனம். எனவே தண்ணீர் மூலக்கூறின் எடை 18. இதே வழியில் ஹைட்ரஜன் குளோரைடு 36.5, அம்மோனியா 17, மீத்தேன் 16.

இனி ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜனின் பங்கு எவ்வளவு என்று தராசைக் கேட்போம். ஹைட்ரஜன் குளோரைடில் 1. தண்ணீரில் 2. அம்மோனியாவில் 3. மீத்தேனில் 4. எந்தச் சேர்மத்திலும் 1-க்குக் குறையவில்லை. இடையில் பின்னமும் வரவில்லை. ஆகவே ஹைட்ரஜன் அணுவின் எடை 1.

அடுத்து ஆக்சிஜன். தண்ணீரில் 16. கார்பன் மோனாக்சைடில் 16. கார்பன் டைஆக்சைடில் 32. கந்தக டைஆக்சைடில் 32. எங்கும் 8 என்பதே இல்லை. ஆகவே ஆக்சிஜன் அணுவின் எடை 16. இப்போது தண்ணீருக்குத் திரும்புவோம். 18-ல் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 16. அதாவது ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்சிஜன் அணு ஒன்று. எச்₂ஓ. கார்பனும் இதே வழியில் 12 என்று தானாக விழும்.

தூமாவைக் கலங்கவைத்த மூன்று பொருள்களும் கன்னிஸாரோவைக் கலக்கவில்லை. எல்லாத் தனிமங்களின் மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள்தாம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாதரச ஆவியில் ஒற்றை அணு. பாஸ்பரஸ் ஆவியில் நான்கு. அவ்வளவுதான்.

மாநாடு எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. ஆனால் கலைந்து போகும் நேரத்தில் கன்னிஸாரோவின் நண்பர் பவேசி, அந்த 1858 பாடச்சுருக்கத்தை அச்சிட்ட சிறு நூலாகக் கைகளில் கொடுத்தார். லோத்தர் மேயர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வாசித்தபோது கண்ணை மறைத்திருந்தது விலகியது என்றும், ஐயம் போய்த் தெளிவு வந்தது என்றும் பிற்காலத்தில் எழுதினார். அவகாட்ரோ இதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை, 1856-லேயே இறந்துவிட்டார்.

எண்ணின் மதிப்பு

வாய்ப்பாட்டில் எண் உறுதியான பிறகு பெயரிலும் எண்ணைக் கொண்டுவருவது சாத்தியமாயிற்று. சேரும் தனிமங்கள் இரண்டும் அலோகம் என்றால் மோனோ, டை, டிரை என்ற முன்னொட்டுகள் எத்தனை என்று சொல்லிவிடும். உலோகத்தில் முறை வேறு. கால்சியம் எப்போதும் இரண்டு குளோரினைத்தான் கொள்ளும். ஆகவே கால்சியம் குளோரைடு என்றாலே போதும். இரும்பு சில வேளை இரண்டைக் கொள்ளும், சில வேளை மூன்றை. பழைய முறையில் ஃபெர்ரஸ் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு. 1919-ல் ஜெர்மானியர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக், உலோகத்தின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணைப் போடும் முறையைத் தந்தார். இன்று பாடநூல்கள் இரண்டையும் சொல்லித்தருகின்றன.

இந்த எண்ணால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவருக்குப் பாதரசம் பதில் சொல்லும். பாதரசமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்தால் மெர்குரஸ் குளோரைடு. ஐரோப்பாவில் அதன் பெயர் கலோமெல். பேதி மருந்தாகக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுத்தார்கள். அதுவும் உடலுக்குக் கேடு என்பது பிற்காலத்தில்தான் தெளிவானது. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் சேர்ந்தால் மெர்குரிக் குளோரைடு. சிறிதளவே உயிரைக் குடிக்கும் கொடிய நஞ்சு. நம் சித்த மருத்துவ மரபு முன்னதைப் பூரம் என்றும் பின்னதை வீரம் என்றும் பிரித்தறிந்து வைத்திருக்கிறது. இரண்டுமே வெண்பொருள், இரண்டிலும் அதே இரண்டு தனிமங்கள். வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுமே.

ஆகவே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். எழுத்தை நினைவில் வையுங்கள். எண்ணைக் கேள்வி கேளுங்கள். ‘இரண்டு என்று எப்படித் தெரியும்?’ என்று வகுப்பில் கேட்கும் பிள்ளை, டால்டனும் தூமாவும் திணறிய அதே கேள்வியைக் கேட்கிறது. அதற்கு விடை உண்டு. ஒரு தராசும் ஒரு பட்டியலும் கையில் இருந்தால் கரும்பலகையிலேயே அதைக் காட்டிவிடலாம். காட்டிய பின் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு மனப்பாடச் சுமையாக இருக்காது.

கார்ல்ஸ்ரூவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கையில் இப்போது ஒரே அணு எடைப் பட்டியல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மெண்டலீவ் என்ன செய்தார் என்பது பின்னால் வரும். அதற்கு முன் இன்னொரு கேள்வி நிற்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு என்பது தெரிந்துவிட்டது. ஏன் இரண்டு? ஆக்சிஜன் ஏன் மூன்றைப் பிடிக்கவில்லை? நைட்ரஜன் ஏன் மூன்றைப் பிடிக்கிறது? கார்பன் ஏன் நான்கைப் பிடிக்கிறது? 1852-ல் எட்வர்டு ஃபிராங்க்லண்ட் இந்தப் பிடிமானத்துக்கு ஓர் அளவு இருப்பதைக் கண்டார். இணைதிறன் பிறந்த கதையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)